எம்.டி. போனை எடுத்துவிட்டாரே!

கேள்வி: பின்னலாடை நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். துணி பரிசோதிக்கும் மெஷின் கேட்டு 22 ஸ்லைடு போட்டுப் பேசினேன். ஐந்தாவதிலேயே எம்.டி. போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மறுபடி 15 நிமிடம் தந்திருக்கிறார். எப்படிப் பேசுவது?
- வாசகி, திருப்பூர்

பதில்: ‘என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்’ என்பதை நீங்கள் கடைசி ஸ்லைடில் வைத்திருப்பீர்கள். அதுதான் சிக்கல். முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “6 லட்சத்துக்கு மெஷின் வேண்டும் சார், மாதம் 50,000 ரூபாய் ரிஜெக்‌ஷன் குறைந்தால் 12 மாதத்தில் முதல் திரும்பிவிடும்.” (தொகை உதாரணம்தான், உங்கள் கணக்கைப் போடுங்கள்.) அந்தக் கணக்கை முந்தின நாளே அக்கவுன்ட்ஸ் மேனேஜரிடம் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் எம்.டி. “சரியா?” என்று திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். அவர் அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்றால், “செக் பண்ணிச் சொல்றேன் சார்” என்பார்; விஷயம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

ஸ்லைடு நான்கு போதும். எக்செல் அட்டவணையை முழுசாக ஒட்டினால் எழுத்து எறும்பாகிவிடும். இரண்டே எண்களைப் பெரிதாகப் போடுங்கள். மற்ற ஸ்லைடுகளைக் கடைசியில் மறைத்து வையுங்கள். கேள்வி வந்தால் ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் பவர்பாயின்ட் நேரே அங்கே போகும். அந்த ஸ்லைடு எண்களைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ‘B’ விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும், பார்வை உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வரும். ஓட்டை விழுந்த துணி ஒன்றையும் கையோடு கொண்டுபோய் மேஜையில் விரியுங்கள். எட்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள், மீதி அவருடைய கேள்விகளுக்கு.