பழைய பாக்-மேன் பெட்டிக்கு எல்சிடி மாட்டலாமா?

வணக்கம் சகோ. உங்கள் பாக்-மேன் வீடியோ கேம் பெட்டியில் படம் ஓரங்களில் வளைந்து அலைபாய்கிறது, பழைய பிக்சர் டியூபை எடுத்துவிட்டு எல்சிடி திரை மாட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 1980-களின் பெட்டி அது. பெரும்பாலும் மானிட்டர் போர்டில் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகங்கள்) காய்ந்திருக்கும். அவற்றை மொத்தமாக மாற்றினாலே படம் நிமிர்ந்துவிட வாய்ப்பு அதிகம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆளைத் தூக்கியடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும். பழைய டிவி மெக்கானிக் ஒருவர் அதை டிஸ்சார்ஜ் செய்த (தங்கிய மின்சாரத்தை வெளியேற்றிய) பிறகே கை வையுங்கள். கருப்புக் கண்ணாடிக்குள் பாக்-மேன் என்ற அந்த மஞ்சள் உருண்டை ததும்பி ஒளிர்வது எல்சிடியில் வரவே வராது!

ஆர்கேட், அதாவது இப்படிப்பட்ட பெட்டிகளை வைத்து நடத்தும் விளையாட்டுக் கூடம், திறக்கும் உங்கள் ஆசை நியாயமானதுதான். ஆட்டத்துக்கு ஒரு காசு என்கிற கணக்கை மட்டும் விடுங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2010-ல் தொடங்கிய கேலப்பிங் கோஸ்ட் ஆர்கேடில் நுழைவுக் கட்டணம் கட்டினால் நாள் முழுக்க ஆடலாம். முதலில் அந்த வழியைப் பாருங்கள்.