குழி தெரிந்தால் முதலில் குரல்

அன்புள்ள அண்ணா,

சைக்கிள் வாங்கி மூன்று மாதமாகிறது. போன ஞாயிறு ஒரு குழுவோடு, பினாங்குத் தீவில் கர்னி டிரைவிலிருந்து பாலிக் புலாவுக்குக் கிளம்பினேன். 'யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். பத்து பெரிங்கி தாண்டியதும் ஒரு குழியைப் பார்த்துச் சட்டென்று பிரேக் பிடித்தேன். பின்னால் வந்தவர் என் சக்கரத்தில் இடித்து விழுந்தார். சிராய்ப்புதான். அதற்கப்புறம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெலுக் பஹாங் அணைக்கட்டு ஏற்றத்தில் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். நான் திரும்பிவிட்டேன். தப்பு யார்மேல்? இனி அவர்களோடு போகலாமா?

முகிலன், ஆயர் ஈத்தாம்

அன்புள்ள முகிலன்,

பிரேக் விஷயத்தில் தப்பு உங்கள்மேல். ஒட்டி வந்ததில் அவர்மேலும் உண்டு. ஆனால் ஏற்றத்தில் உங்களை விட்டுப்போனதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் கடக்கும். ஒரு மீட்டர் பின்னால் வருபவர் நீங்கள் வேகம் குறைத்ததை உணர்வதற்குள் இடித்திருப்பார். உங்கள் முதுகு மறைப்பதால் குழியும் அவருக்குத் தெரியாது. ஆகவே முதலில் குரல்: "குழி!" பல இனத்தவர் வரும் குழுவென்றால் மலாயில் "லூபாங்!" அடுத்தடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்லிக் கடைசி ஆள்வரை கொண்டுபோக வேண்டும். நேரமிருந்தால் குழி இருக்கும் பக்கம் கையைத் தாழ்த்திக் காட்டுங்கள். சாலை கரடுமுரடாக இருந்தால் கையை எடுக்கவே வேண்டாம். மிதிப்பதை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தால் எதிர்க்காற்றே வேகத்தைக் குறைக்கும். பிறகு இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொடலாம். குழி சக்கரத்தடிக்கே வந்துவிட்டதா? வெட்டித் திருப்பாதீர்கள். முழங்கையை மடக்கி, சீட்டிலிருந்து சற்று எழும்பி, நேராக ஏறி இறங்குங்கள். போனால் ஒரு டியூப் போகும்.

பின்சக்கரத்தில் இடிபட்ட உங்களுக்கு ஓர் உதறல், அவ்வளவுதான். முன்சக்கரம் தட்டுப்பட்டவருக்கோ ஹேண்டிலைத் திருப்பிச் சமாளிக்க வழியில்லை. அதனால்தான் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன்சக்கரத்தை நுழைக்கவே கூடாது. புதியவர் பின்னால் ஒரு சைக்கிள் நீளமாவது விட்டுப் போகவேண்டும். பழகியவர்கள்தான் இதை மறக்கிறார்கள்.

மேட்டிலும் இதே ஆபத்து உண்டு. எழுந்து நின்று மிதிக்கும் கணத்தில் சைக்கிள் ஒரு சாண் பின்வாங்கினாற்போல் வரும். எழுவதற்கு முன் ஒரு கியர் கனமாக்கி, மிதியை அழுத்தியபடியே எழுங்கள்.

விழுந்தவரின் சைக்கிளை யாராவது பார்த்தார்களா? வலப்பக்கமாக விழுந்திருந்தால் பின்சக்கரத்தருகே கியரை மாற்றும் கருவி உள்நோக்கி வளைந்திருக்கலாம். அது தெரியாமல் ஏற்றத்துக்காகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் ஆரக்கம்பியில் சிக்கிக்கொள்ளும். பின்சக்கரத்தைத் தூக்கி, மிதியைக் கையால் சுற்றி, கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைவிட அது பயனுள்ள வேலை.

யாரையும் விடமாட்டோம் என்று அறிவித்தால் கடைசியில் வர ஓர் ஆளை நியமிக்க வேண்டும். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் போகலாம். ஆனால் அணைக்கட்டில் ஒருமுறை, அதே மலைச்சாலையில் அடுத்து வரும் தித்தி கெராவாங்கில் ஒருமுறை, சாலையைவிட்டு ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். கடைசி ஆள் வந்ததுமே "போகலாமா?" என்று கிளம்புவது பல குழுக்களின் கெட்ட பழக்கம். முந்தியவர்கள் இளைப்பாறியாகிவிட்டது, அவருக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. இறக்கத்தில் வளைவுகள் அதிகம், பழக்கடையைப் பார்த்துக் கார்கள் திடீரென்று ஓரங்கட்டும். அங்கே ஐந்தாறு சைக்கிள் நீளம் விடுவதே சரி.

உங்கள் பங்குக்கு உங்கள் டயர் அளவில் இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், பம்ப், இரண்டு பாட்டில் தண்ணீர், அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம். பின்விளக்கு மினுக்க வேண்டாம், பின்னால் வருபவருக்குக் கண் கூசும். பாதியில் திரும்பினால் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இல்லாவிட்டால் யாராவது உங்களைத் தேடி மலையிறங்குவார்.

விழுந்தவருக்கு முதலில் ஒரு போன் போடுங்கள். பிறகு குழுத் தலைவரிடம் கேளுங்கள்: என்ன வேகம், எங்கே காத்திருப்பீர்கள், கடைசியில் வருவது யார்? அந்த ஆளின் பெயரைச் சொன்னால் தாராளமாகப் போகலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் பாலிக் புலாவ் வேண்டாம். அவர்களோடு கர்னி டிரைவில் பசியாறிவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.