641 எப்படிக் கிடைத்தது?

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் 4294967297 என்ற எண்ணை ஒரு இணையக் கணிப்பானில் போட்டாள். ஒற்றைப்படை, பகு எண், இரண்டு பகா எண்களின் பெருக்கல், குறைவெண், போலிப் பகா எண் என்று வரிசையாக வந்தது. "இதெல்லாம் தெரிஞ்சு என்னப்பா ஆகப்போகுது?" என்கிறாள். என்ன சொல்வது?

– ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாப் பெயருக்கும் ஒரே மதிப்பு கிடையாது. குறைவெண் என்பதை விட்டுவிடலாம். தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் எண்ணைவிடக் குறைவாக வரும், அவ்வளவுதான். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கினால் எப்போதும் அப்படித்தான் வரும்.

பகு எண் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்து, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அடுத்த அடுக்கு 32. அதில் வருவது உங்கள் மகளின் எண். இதுவும் பகா எண்தான் என்று 17-ஆம் நூற்றாண்டுக் கணிதவியலர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணிதவியலர் இது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார். இன்னொரு காரணி 6700417.

641 வரை 116 பகா எண்கள் உண்டு. அத்தனையையும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியை 64-ஆல் வகுத்தாலும் மீதி 1 வந்தாக வேண்டும் என்று ஆய்லரே பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது!

மகளின் பாடத்தில் மட்டு எண்கணிதம், அதாவது வகுத்தபின் வரும் மீதியை மட்டும் பார்க்கும் கணக்கு, இருக்கிறதே, அதைக் கொண்டு வகுக்காமலே சரிபார்க்கலாம். 641 என்பது 5×128+1. ஆகவே மட்டு 641-இல் 5×2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625×2²⁸ என்பது 1. ஆனால் 641 என்பது 625+16-உம்தான். அதனால் 625-க்குப் பதில் −16, அதாவது −2⁴ போடலாம். −2³² என்பது 1 என்று வருகிறது. அப்படியானால் 2³²+1 என்பது 0. நான்கே வரி. இதைவிட அழகான நிரூபணம் பள்ளிக் கணக்கில் அதிகம் இல்லை என்பேன்.

போலிப் பகா எண் என்ற பெயரும் வெறும் முத்திரை அல்ல. ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணை 2-இன் அடுக்காக வைத்து, வந்ததை அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 2 வரும்; ஃபெர்மாவின் சிறிய தேற்றம் அடிமானம் 2-க்குச் சொல்வது இதுதான். இப்படிச் சோதித்தால் இந்த எண் பகா எண்போலவே தேறிவிடும். அவருடைய தேற்றமே அவருடைய ஊகத்தைக் காட்டிக்கொடுக்காது.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். இந்த எண் 65536²+1². 62264²+20449²-உம் இதே எண்தான். தாளில் பெருக்கிப் பார்க்கட்டும். ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதவே முடியாது. அப்படியென்றால் 641 பற்றி எதுவும் தெரியாமலே இது பகு எண் என்று அவளால் சொல்லிவிட முடியும்.