கேப், பிரிட்ஜ்: பல் மருத்துவரிடம் கேட்டவை

ராஜா, ஈரோடு: டாக்டர், கீழ்க் கடவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் முடிந்து நாலு மாதம் ஆச்சு. வலி சுத்தமா இல்லை. கேப் போட்டே ஆகணுமா?

நரம்பையே எடுத்தாகிவிட்டது, வலி எங்கிருந்து வரும்? வலியை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ரூட் கேனாலுக்காக மேலே துளை போடும்போது பல்லின் கூரை போய்விடுகிறது. மிச்சம் நிற்கும் சுவர்கள் மெல்லும்போது விரிந்து, ஒருநாள் முறுக்கு கடிக்கையில் பிளக்கும். பிளவு வேர் வரை இறங்கினால் பல்லைப் பிடுங்குவதுதான் வழி. அந்தச் சுவர்களைச் சுற்றிப் பிடிக்கும் உறைதான் கேப், ஆகவே கடவாய்ப் பல்லுக்குப் போட்டே ஆக வேண்டும். உங்கள் பல்லில் இருப்பது தற்காலிக அடைப்பா, நிரந்தர அடைப்பா என்று முதலில் கேளுங்கள். தற்காலிகம் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கியிருந்தால், எக்ஸ்ரே பார்த்து, தேவைப்பட்டால் ரூட் கேனாலைத் திரும்பச் செய்த பிறகே கேப். முன்பல்லுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பின்பக்கத் துளை மட்டும் இருந்தால் காம்போசிட் (பல் நிறப் பசை) அடைப்பே போதும்.

செல்வி, திண்டுக்கல்: மெட்டல் செராமிக்கா, ஜிர்கோனியாவா? ஜிர்கோனியாவுக்கு 15 வருஷ வாரண்டி கார்டு தர்றாங்களாம்.

அந்தக் கார்டு கேப் உடைந்தால்தான் செல்லும். உள்ளே இருக்கும் உங்கள் பல் சொத்தையானால் செல்லாது. கேப்புகள் தோற்பதோ பெரும்பாலும் அப்படித்தான். கேப்பின் ஓரம் பல்லோடு சேரும் கோட்டில் இடைவெளி இருந்தால் சிமெண்ட் கரையும், கிருமி நுழையும். ஆகவே பொருளைவிட ஓரம் முக்கியம்.

பொருள் என்று பார்த்தால், கடவாய்ப் பல்லுக்கு முழு ஜிர்கோனியா (உலோகமில்லாத, வெள்ளை நிறக் கெட்டிப் பீங்கான் வகை) நல்லது. மெல்லும் பரப்பில் 1 முதல் 1.5 மி.மீ. தேய்த்தால் போதும். உள்ளே உலோகமும் மேலே பீங்கானுமான மெட்டல் செராமிக்குக்கு 2 மி.மீ. வரை போகும், மேலிருக்கும் பீங்கான் சில்லு சில்லாக உதிரலாம், ஈறு இறங்கினால் கறுப்புக் கோடு தெரியும். கடைசிக் கடவாய்ப் பல் குட்டையாக இருந்தால், அழகைப் பார்க்காதவர்களுக்கு முழு உலோகக் கேப்பையே சொல்வேன். இப்போது யாரும் கேட்பதில்லை, அது வேறு.

கார்த்திக், சென்னை: வயது 34. கீழே முதல் கடவாய்ப் பல்லை எடுத்து ஒரு மாதம். இரண்டு பக்கமும் நல்ல பல். பிரிட்ஜ் போடலாமா?

போடலாம். பிரிட்ஜ் என்பது இரு பக்கப் பற்களையும் தூணாக்கி, அவற்றில் கேப் மாட்டி, நடுவே பொய்ப்பல்லைத் தாங்கவைப்பது. ஆனால் ஒரு பல்லுக்காக நல்ல பற்கள் இரண்டைச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். தேய்த்த எனாமல் திரும்ப வளராது. அப்படித் தேய்த்த பற்களில் சிலவற்றுக்குப் பிறகு ரூட் கேனால் தேவைப்படும். உங்கள் வயதில், எலும்பு போதுமானதாக இருந்தால் இம்பிளான்ட்தான் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் பல் வைப்பது) என் தேர்வு. புகை பிடிப்பவர், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர் என்றால் அதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ ரூட் கேனாலோ இருந்தால் கணக்கு மாறும். எப்படியும் கேப் போட வேண்டிய பற்கள் அவை, பிரிட்ஜே சரி. அப்போதும் தூணாக நிற்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இல்லாத பல்லின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது. 1926-இல் ஆன்டே என்ற பல் மருத்துவர் சொன்ன விதி இது. ஆடும் பல்லைத் தூணாக்குகிறவர்கள் மறப்பது இதைத்தான். கடவாய்ப் பல்லை ஒரே தூணில் தொங்கவிடும் பிரிட்ஜுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், தூண் ஆடிவிடும்.

பல் எடுத்த இடம் அமுங்கி நிலைக்க இரண்டு மூன்று மாதமாகும். அதற்கு முன் நிரந்தர பிரிட்ஜ் போட்டால் பொய்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சந்து விழுந்து சோறு அடையும். வருடக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள்: பின்பல் சாயும், மேல்பல் இறங்கும்.

மீனாட்சி, மதுரை: ஆறு வருஷ பிரிட்ஜ். விரலால் அழுத்தினா ஓரத்தில் குமிழி வருது, நாற்றமும் இருக்கு. ஆனா ஆடலையே?

அம்மா, ஒரு பக்கத் தூணில் சிமெண்ட் விட்டுப்போயிருக்கும். மறுபக்கம் பிடித்திருப்பதால் கழன்று விழவில்லை, அதுதான் ஆபத்து. ஒவ்வொரு மெல்லலுக்கும் எச்சில் உள்ளே போய் வருகிறது. அந்தப் பல் உள்ளுக்குள் மெழுகாக மென்மையாகிவிடும். ரூட் கேனால் செய்த பல் என்றால் வலிக்கவும் செய்யாது. இந்த வாரமே கழற்றுங்கள். கெட்டியாக நிற்கும் பக்கத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், எனவே புது பிரிட்ஜுக்கான செலவையும் மனதில் வையுங்கள். அப்படியே சிமெண்ட் வைத்து ஒட்டித்தரச் சொல்லாதீர்கள். உள்ளே சொத்தை இருக்கிறதா என்று பார்க்காமல் ஒட்டுவது மூடிவைப்பதுதான்.

புதியது போட்ட பிறகு, பொய்ப்பல்லுக்கு அடியில் தினமும் சூப்பர் ஃபிளாஸ் என்ற பல் இடுக்கு நூலை நுழைத்து இழுங்கள். அதன் ஒரு முனை விறைப்பாக இருக்கும், பல் இடுக்கில் ஊசி போல நுழையும். நடுவிலுள்ள பஞ்சுப் பகுதிதான் துடைக்கும்.

பாலா, துபாய்: கேப் கழன்று கையில் வந்துடுச்சு. ஊருக்கு வர பத்து நாள் ஆகும். ஃபெவிக்விக் வைக்கலாமா?

கூடாது. கேப்புக்குள் பாருங்கள். காலியாகவோ சிமெண்ட் மட்டுமோ இருந்தால் கழுவிப் பத்திரமாக வைத்து, அங்கேயே ஒரு பல் மருத்துவரிடம் ஒட்டிக்கொள்ளுங்கள். பல் துண்டும் சேர்ந்து வந்திருந்தால் கதை வேறு. ஈறுக்கு மேல் சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. நல்ல பல் மிச்சமிருந்தால்தான், உள்ளே போஸ்ட் (வேருக்குள் நிறுத்தும் கம்பி) வைத்துக் கட்டினாலும் புதுக் கேப் நிற்கும்.

ஜெனி, நாகர்கோவில்: கேப் ஒட்டி மூணு நாள். கடிச்சா அந்தப் பல் மட்டும் முதலில் தட்டுது, வலிக்குது.

உயரம் அதிகம். மரத்துப்போன வாயில் கடித்துக் காட்டியிருப்பீர்கள், அது சரியாக வராது. நிறத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த புள்ளியை மட்டும் தேய்த்து மெருகேற்றினால் பத்து நிமிட வேலை. தானாகப் பழகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.