வெண்புள்ளிக்குக் 'குறியாக்கம் செய்யாத ஆர்.என்.ஏ' தான் காரணமா? அது தாயிடமிருந்து பிள்ளைக்கு வருமா?

கேட்டவர் ஒரு அம்மாவாக இருக்க வேண்டும். பிள்ளை நித்திரையான பிறகு ஃபோனில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னியுங்கள். நான் வைத்தியர் இல்லை. திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். 14 வயதிலிருந்து இரண்டு கையிலும் வெண்புள்ளி இருக்கிறது. இந்த இரண்டாவது தகுதியை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நம் டி.என்.ஏ-யில் புரதம் செய்யச் சொல்லும் பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தை ஒரு காலத்தில் குப்பை என்றே சொன்னார்கள். அந்தக் குப்பையிலிருந்தும் ஆர்.என்.ஏ (டி.என்.ஏ-யைப் பார்த்து எழுதிய நகல்) உண்டாகிறது, ஆனால் புரதமாக மாறாது. நீங்கள் கேட்ட 'குறியாக்கம் செய்யாத ஆர்.என்.ஏ' இதுதான். அதில் ஒரு வகை மைக்ரோ ஆர்.என்.ஏ, சுமார் 22 எழுத்து நீளம். புரதம் செய்யச் சொல்லிப் போகிற தூது ஆர்.என்.ஏ-யில் போய் ஒட்டி, வழியிலேயே மறித்துவிடும். விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டு 1993இல் வெளியிட்டார்கள். நோபல் பரிசு கிடைத்தது 2024இல். மைக்கேல் ஜாக்சன் தனக்கு வெண்புள்ளி இருப்பதைத் தொலைக்காட்சியில் சொன்னதும் அதே 1993தான். வகுப்பில் இதைச் சொன்னால்தான் கடைசி வாங்குப் பையன்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வெண்புள்ளியில் நம் சொந்த நோய் எதிர்ப்புக் கலங்களே, தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்யும் கலங்களைக் கொல்கின்றன. எம்.ஐ.டி.எஃப் என்றொரு புரதம் இல்லாமல் அந்த மெலனின் கலங்கள் பிழைக்காது. மிர்-25 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ கூடினால் அந்தப் புரதம் குறைகிறது. மிர்-211 வெண்புள்ளிக் கலங்களில் குறைந்தும், மிர்-155 நோயாளிகளின் தோலில் கூடியும் காணப்பட்டிருக்கிறது. அதற்காக இவைதான் நோயைக் கொண்டுவந்தன என்று சொல்லிவிட முடியாது. செத்தவீட்டில் கூட்டம் நிற்கும், வந்தவர்கள் எல்லாருமா கொன்றார்கள்? இதை வைத்துச் செய்த மருந்து எதுவும் இன்னும் கிளினிக்குக்கு வரவில்லை. இருப்பவை 311 நனோமீற்றர் புற ஊதாக் கதிர், சில பூச்சுமருந்துகள், 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ருக்ஸோலிடினிப் கிரீம்.

தாயிடமிருந்தா என்று கேட்டீர்களே, அந்தச் சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு முதல் புள்ளி விரலில் வந்தபோது அப்பாவின் தங்கை, என் மாமி, வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு சொன்னா: "மீன்குழம்போட தயிரும் தின்னக் குடுத்தா இப்படித்தான் வரும்." அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தயிர் இல்லை. திருகோணமலையில் மீனை நிறுத்த முடியுமா? அதனால் தயிர் போனது. வெள்ளிக்கிழமைகளில் விடியவே அம்மா என்னைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போய், ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் மாறி மாறி அள்ளி ஊற்றினா. திரும்பி வரும் வழியில் ஆட்டோக் காற்றுப் பட்டுத் தடிமன் வந்ததுதான் மிச்சம். (கன்னியாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். இப்போதும் போகிறேன், குளிப்பதற்கு.)

அக்காவுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள் என் கையைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்கள். அம்மா அன்று சாப்பிடவில்லை. தான் ஊட்டிய சோறுதான் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையையும் கெடுத்தது என்று நம்பினா.

பல வருடம் கழித்து, வகுப்புக்குக் குறிப்பு எழுதும்போது, 2003இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 23 சதவீதம்தான். பரம்பரையலகு அத்தனையும் ஒன்றாக இருந்தும் அவ்வளவுதான். பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் தாய் தூக்கிக் கொடுத்த சாபம் இல்லை. சாப்பாட்டு மேசையில் படம் கீறி அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். ஆர்.என்.ஏ ஒன்றும் அவவுக்குப் புரியவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டா: "அப்ப தயிர் இல்லையோ பிள்ளை?"

அடுத்த நாளே ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி வந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்: சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது சட்டியின் அடி தடித்துப்போய்விட்டது, தயிர் தண்ணீராய் ஓடுகிறது, விலை மட்டும் ஏறுகிறது. கேட்டால் கடைக்காரர் வெயிலைக் குறை சொல்கிறார்.

சரி, உங்கள் விஷயம். முதலில் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் வெண்புள்ளி இல்லை, தேமலாகவும் இருக்கலாம். தொழுநோய்த் திட்டென்றால் உணர்வு மரத்திருக்கும். வெண்புள்ளியில் கிள்ளினால் வலிக்கும். ஆர்.என்.ஏ பரிசோதனை என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குத் தயிர் கொடுங்கள், நல்லது கிடைத்தால்.