டேங்கர் கப்பலில் எது பெரிய ஆபத்து? தீயா, எண்ணெய்க் கசிவா, கொள்ளையரா?

"எண்ணெய் டேங்கர் கப்பல்களுக்கு விபத்து, கடல் மாசு, கடற்கொள்ளை என்று மூன்று ஆபத்துகளைச் சொல்கிறார்களே, இதில் உண்மையிலேயே பெரியது எது? அக்கா மகன் டேங்கரில் சேரப் போகிறான், வீட்டில் கொள்ளையரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கச்சா எண்ணெய் டேங்கரிலும், பெட்ரோல், டீசல் ஏற்றுகிற பிராடக்ட் டேங்கரிலும் டெக் அதிகாரியாகப் பல வருடம் வேலை பார்த்தவன். உள்ளே இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கொள்ளையர் பயம் நியாயமானதுதான், ஆனால் என் கணக்கில் அது மூன்றாவது. முதலாவது, மூச்சுவிடக் காற்றில்லாத டேங்க். இரண்டாவது, யாருடையது என்றே தெரியாத கப்பல். அந்த மாதிரிக் கப்பலில் மாட்டிக்கொண்டால் மற்ற எல்லா ஆபத்தும் சேர்ந்தே வரும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டேங்கிலிருந்து ஆரம்பிக்கலாம். எண்ணெய் சும்மா வெடிப்பதில்லை, அதன் ஆவி காற்றோடு ஒரு அளவில் கலந்து, கூடவே ஒரு பொறியும் கிடைத்தால்தான் வெடிக்கும். 1969 டிசம்பரில் மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாக்கோன் 7 என்று மூன்று ராட்சத டேங்கர்கள் ஒரே மாதத்துக்குள் வெடித்தன. மூன்றிலும் காலி டேங்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பீய்ச்சலில் உண்டான நிலைமின்சாரம்தான் பொறியாக இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். அப்புறம்தான் எரிய விடாத வாயுவை டேங்கில் நிரப்பி வைக்கிற இனர்ட் கேஸ் முறை பரவலாகி, படிப்படியாகக் கட்டாயமும் ஆனது. பாய்லர் புகையைக் கழுவிக் குளிரவைத்து டேங்குக்குள் செலுத்துவோம். உள்ளே ஆக்சிஜன் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் சுமார் 11 சதவீதத்துக்குக் கீழே போனால் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளாது.

நெருப்பைத் தடுக்கிற அதே வாயு ஆளையும் கொன்றுவிடும். 21 சதவீத ஆக்சிஜனுக்குப் பழகிய உடம்பு, 5 சதவீதம் இருக்கிற இடத்தில் ஒன்றிரண்டு மூச்சிலேயே சுருண்டு விழும், கத்தக்கூட நேரம் கிடைக்காது. எண்ணெய் டேங்க் என்றில்லை, பல மாதம் மூடிக் கிடந்த பேலஸ்ட் டேங்கிலும் (கப்பலின் சமநிலைக்குக் கடல்நீர் நிரப்புகிற தொட்டி) நங்கூரச் சங்கிலி கிடக்கிற அறையிலும் இரும்பு துருப்பிடித்துத் துருப்பிடித்தே உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தின்றிருக்கும். வாசனை கிடையாது, புகை கிடையாது, டார்ச் அடித்துப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். அதனால்தான் இறங்குவதற்கு முன்னால் வாயு அளக்கிற மீட்டரின் குழாயை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்தில் விட்டு அளக்க வேண்டும், அனுமதிச் சீட்டு எழுத வேண்டும், வாசலில் ரேடியோவோடு ஒருவர் நகராமல் நிற்க வேண்டும்.

பம்ப் ரூம் இன்னொரு இடம். டெக்கிலிருந்து ஏணி ஏணியாக இறங்கிக் கப்பலின் அடிவரை போகும். பம்ப்மேன் வேலை நாளெல்லாம் அங்கேதான் இருக்கும், ஒரு வால்வின் சீல் லேசாகக் கசிந்தாலும் ஆவி அடியில் தேங்கி நிற்கும். மார்பில் மாட்டியிருக்கிற சின்ன மீட்டர் கீச்சிட ஆரம்பித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். சில கச்சா எண்ணெயில் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகம், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். புதுப் பையன்களுக்கு நான் எப்போதும் சொல்வது, நாற்றம் அடிக்கும்போதே கிளம்பிவிடு, அடித்துக்கொண்டிருந்த நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்காதே என்பதுதான். அளவு ஏறினால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும்.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இப்படிச் சாகிறவர்களில் பலர் முதலில் இறங்கியவர்கள் இல்லை, விழுந்தவரைத் தூக்க ஓடியவர்கள். கூட வேலை பார்க்கிறவன் கண்ணெதிரே கிடக்கும்போது காலைக் கட்டிப்போட்டது போல நிற்க யாருக்கும் வராது. அதனால்தான் 2015 முதல் இதற்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி கட்டாயம்: அலாரம் அடி, மூச்சுக் கருவி மாட்டிய ஆளைத் தவிர யாரும் இறங்காதே. அந்தப் பயிற்சியைப் போட்டோ எடுப்பதற்காக மட்டும் செய்கிற கப்பல்களும் இருக்கின்றன, அங்கேதான் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக விழுகிறார்கள்.

அடுத்தது தூக்கம். சட்டப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும். டேங்கர் துறைமுகத்தில் நிற்பதே ஒன்றிரண்டு நாள்தான், அதற்குள் சரக்கு இறக்க வேண்டும், கப்பலுக்கு எரிபொருள் ஏற்ற வேண்டும், சோதனைக்கு வருகிறவர்களோடு கப்பலைச் சுற்ற வேண்டும், முடிந்த கையோடு கிளம்பவும் வேண்டும். ஓய்வு நேரப் பதிவேட்டில் எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருக்கும், நிரப்பியவன் கண் சிவந்திருக்கும். எக்ஸான் வால்டீஸ் 1989 மார்ச்சில் அலாஸ்காவில் பாறையில் ஏறியதற்கு, அப்போது பணியில் இருந்த மூன்றாம் அதிகாரியின் களைப்பும் வேலைப்பளுவும் ஒரு காரணம் என்று அமெரிக்க விசாரணையே சொன்னது. எல்லாரும் பேசுவது கேப்டன் குடித்திருந்தாரா என்பதை மட்டும்தான்.

கடல் மாசு விஷயத்தில் நல்ல செய்தியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1967இல் டோரி கேன்யன் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் மோதி லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைக் கடலில் விட்டது, அதை எரிக்க விமானப்படையை அனுப்பிக் குண்டு போட்டார்கள், வேறு என்ன செய்வது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கிற மார்போல் ஒப்பந்தம் வந்தது, வால்டீஸுக்குப் பிறகு இரட்டை உடல் கட்டாயமானது. பெரிய கப்பல்களில் வெளித் தகட்டுக்கும் எண்ணெய்க்கும் நடுவே சுமார் இரண்டு மீட்டர் இடைவெளி இருக்கும், லேசாகத் தரை தட்டினால் வெளித்தகடு கிழியுமே தவிர எண்ணெய் வெளியே வராது. பலன் கண்கூடு: 1970களில் 7 டன்னுக்கு மேற்பட்ட டேங்கர் கசிவுகள் வருடத்துக்குச் சராசரியாக 79 வரை இருந்தன, 2010களில் ஆறேழு.

ஆனால் தீராத பிரச்சினை ஒன்று அப்படியே இருக்கிறது. 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் என்ற பழைய டேங்கர் ஸ்பெயினின் கலீசியா கடலில் புயலில் விரிசல் விட்டது. கேப்டன் ஒதுங்க இடம் கேட்டார். கரைக்கு வராதே, ஆழ்கடலுக்குப் போ என்று துரத்தினார்கள், ஆறு நாள் அலைக்கழிந்து இரண்டாக உடைந்து மூழ்கியது, 60,000 டன்னுக்கு மேல் கனமான எரி எண்ணெய் கடலில் கொட்டிக் கரையெல்லாம் ஒதுங்கியது. கேப்டனைக் கைது செய்து சிறையில் வைத்தார்கள். அமைதியான ஒரு விரிகுடாவுக்குள் கொண்டுவந்து எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றியிருந்தால் இவ்வளவு பரவியிருக்காது என்றே நான் நினைக்கிறேன். அடிபட்ட டேங்கரை எந்த ஊர் உள்ளே விடும்? ஐ.நா.வின் கப்பல் போக்குவரத்து அமைப்பான ஐ.எம்.ஓ 2003இல் வழிகாட்டுதல் போட்டது, ஆனால் இன்றும் பதில் அந்தந்த அரசின் கையில்தான் இருக்கிறது.

கப்பல் எரிபொருளில் கந்தகத்தை 2020இலிருந்து 3.5 சதவீதத்திலிருந்து 0.5ஆகக் குறைத்தது, பேலஸ்ட் தண்ணீரைச் சுத்திகரிக்கச் சொல்வது, இதெல்லாம் செலவு பிடித்தாலும் நடந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் ரூம் கழிவு எண்ணெயை 15 பி.பி.எம் வடிகட்டி (பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெயை வெளியே விடாதது) வழியாக விடாமல் ரகசியக் குழாய் போட்டு ராத்திரியில் கடலில் விடுகிறவர்கள் இன்னும் பிடிபடுகிறார்கள். அக்கா மகனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்: அப்படி ஒரு குழாயை மாட்டச் சொல்லி யார் உத்தரவு போட்டாலும் மாட்டக் கூடாது, பிடிபட்டால் மாட்டியவனும் உள்ளே போவான்.

சரி, கொள்ளையர். சோமாலியக் கொள்ளையின் உச்சம் 2008லிருந்து 2012வரை. 2008 நவம்பரில் சிரியஸ் ஸ்டார் என்ற சவுதி டேங்கரை, 20 லட்சம் பீப்பாய் எண்ணெயோடு, கென்யக் கரையிலிருந்து 450 கடல் மைல் தள்ளிப் பிடித்தார்கள், அவ்வளவு தூரம் வருவார்கள் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. சரக்கு ஏற்றிய டேங்கர் தண்ணீரில் தாழ்ந்து மெதுவாகப் போகும், ஏணியைக் கொக்கி போட்டு மாட்டினால் டெக் எட்டிவிடும், அதனால்தான் அது அவர்களுக்கு வசதியான இலக்கு. ஏடன் வளைகுடாவுக்கு முன்னால் கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டுவோம். தடித்த கையுறையையும் கிழித்துக்கொண்டு கையில் இறங்கும், வெயிலில் அதைப் பிரித்துக் கட்டி முடிக்க ஒரு முழு நாள் ஆகும். தீயணைப்புக் குழாய்களைப் பக்கவாட்டில் திருப்பி வைப்போம், பாய்லர் சூட் என்கிற பழைய வேலை உடைக்குள் துணியை அடைத்து ஆள் நிற்பது போலக் கைப்பிடிச் சுவர் ஓரம் நிறுத்துவோம். கொள்ளையர் ஏறிவிட்டால் எல்லாரும் ஓடி உள்ளே பூட்டிக்கொள்ள ஓர் அறை, அதில் தண்ணீர், உணவு, சாட்டிலைட் போன்.

துப்பாக்கிக் காவலர்கள் வந்த பிறகு மாலுமிகள் நிம்மதியாகத் தூங்கினார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 2012 பிப்ரவரியில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய டேங்கரிலிருந்த கடற்படை வீரர்கள் கேரளக் கடலில் இரண்டு மீனவர்களைக் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சின்னப் படகில் வேகமாக வருகிறவர்கள் எல்லாரும் கொள்ளையர் இல்லை, வலையைக் கப்பல் அறுத்துவிடாமல் இருக்கக் குறுக்கே வந்து கை காட்டுகிற மீனவர்கள்தான் அதிகம்.

இப்போது இடமும் மாறிவிட்டது, முறையும் மாறிவிட்டது. கினி வளைகுடாவில் கப்பலை விட்டுவிட்டு ஆட்களைத் தூக்கிப் போகிறார்கள், 2020இல் உலகம் முழுக்கக் கடத்தப்பட்ட 135 மாலுமிகளில் 130 பேர் அங்கே கடத்தப்பட்டவர்கள். சிங்கப்பூர் நீரிணையில் பெரும்பாலும் எஞ்சின் உதிரிபாகத் திருட்டு. செங்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் 2024இல் நடந்தது கொள்ளையே இல்லை, போர். ஜனவரியில் மார்லின் லுவாண்டா என்ற டேங்கர் ஏவுகணை பட்டு எரிந்தது, ஆகஸ்டில் சௌனியன் என்ற டேங்கர் சுமார் 1,50,000 டன் கச்சா எண்ணெயோடு தீ வைக்கப்பட்டு வாரக்கணக்கில் எரிந்தது. முள்கம்பி கட்டி ஏவுகணையை என்ன செய்ய முடியும்? ஹீரோயிக் இடுன் என்ற டேங்கர் 2022 ஆகஸ்டில் நைஜீரியக் கடலில் இருட்டில் நெருங்கிய படகைக் கொள்ளையர் என்று நினைத்து ஓடியது, வந்தது கடற்படை. எண்ணெய் திருட வந்தார்கள் என்று சொல்லி 26 பேரையும் ஒன்பது மாதத்துக்கு மேல் பிடித்து வைத்தார்கள், அதில் 16 பேர் இந்தியர்கள். ஓடச் சொல்லித்தான் எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்கள்.

இனி நான் கடைசியில் சொல்கிறேன் என்றது. மேலே சொன்ன பாதுகாப்பு எல்லாம், இனர்ட் கேஸ், இரட்டை உடல், பயிற்சி, காப்பீடு, எல்லாமே கப்பலுக்குப் பதில் சொல்ல ஒரு முதலாளி இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நிற்பவை. ஈரான், வெனிசுவேலா, ரஷ்யா மீதான தடைகளைத் தாண்டி எண்ணெய் கடத்த இப்போது ஒரு நிழல் கப்பற்படையே உருவாகியிருக்கிறது. பெரிய எண்ணெய் கம்பெனிகள் வேண்டாம் என்று ஒதுக்குகிற வயதான டேங்கரைப் பெயர் தெரியாத ஒரு கம்பெனி வாங்கும், பெயரை மாற்றும், கொடியை மாற்றும், இருக்கும் இடத்தைக் காட்டுகிற ஏ.ஐ.எஸ் கருவியை அணைக்கும் அல்லது பொய்யான இடத்தைக் காட்டவைக்கும், நடுக்கடலில் இன்னொரு கப்பலோடு ஒட்டி நின்று எண்ணெய் மாற்றும். 2023 மே 1 அன்று பாப்லோ என்ற டேங்கர் மலேசியக் கடலில் வெடித்தது. 1997இல் கட்டிய கப்பல், அப்போது சரக்கில்லாமல் இருந்தது, டெக்கே பிய்த்துக்கொண்டு போனது, 28 பேரில் மூன்று பேரைக் காணவில்லை. பொறுப்பேற்க முதலாளியும் முன்வரவில்லை, காப்பீடும் இல்லை, எரிந்த கூடு மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. அது எண்ணெயோடு வெடித்திருந்தால் கரையில் இருக்கிற மீனவர்கள் யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பார்கள்? இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் ஐம்பது வருடமாக ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பாடுபட்டுச் சேர்த்த பாதுகாப்பு இந்தக் கப்பல்களில் செல்லாது.

இந்த மாதிரிக் கப்பல்கள் சம்பளம் அதிகம் என்று சொல்லித்தான் ஆள் எடுக்கின்றன, டேங்கர் அனுபவம் தேடுகிற புதுப் பையன்கள்தான் சிக்குகிறார்கள். ஆகவே அக்கா மகனைப் பயமுறுத்த வேண்டாம், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கப்பலின் ஐ.எம்.ஓ எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பெயர், கொடி மாறினாலும் அந்த ஏழு இலக்க எண் மாறாது. எக்வாசிஸ் என்ற இலவசத் தளத்தில் அதைப் போட்டால் வயது, எத்தனை முறை பெயரும் கொடியும் மாறியது, எந்தத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தினார்கள் என்பதெல்லாம் வரும். காப்பீடு, உலகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்குக் காப்பீடு தருகிற 12 பி அண்ட் ஐ கிளப்புகளில் (கப்பல் முதலாளிகள் சேர்ந்து நடத்துகிற காப்பீட்டுச் சங்கங்கள்) ஒன்றில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்பல் கைவிடப்பட்டால் மாலுமியை ஊருக்கு அனுப்பவும் சம்பள பாக்கி கொடுக்கவும் உத்தரவாதச் சான்றிதழ் 2017இலிருந்து கட்டாயம், அது கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் கேட்பதே சட்டப்படி தவறு, ஏஜெண்ட் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஐ.எம்.ஓ எண் கிடைத்ததும் கீழே எழுதுங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன்.