அப்பாவின் டிவிக்குச் சத்தம் வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 28. பி.இ. முடித்து இரண்டு வருடம் சென்னையில் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு மூன்று வருடமாக ஊரில் இருந்தபடி குரூப் 2, குரூப் 4 தேர்வுகளுக்குப் படிக்கிறேன். புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடம்கூட மனம் நிற்பதில்லை. ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தாலும் மூடியதும் மறந்துவிடுகிறது. தியானம், வல்லாரை மாத்திரை, யூடியூபில் சொல்லும் பயிற்சிகள் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நோட்ஸ் டெலிகிராமில் வருவதால் போனை ஒதுக்கவும் முடியவில்லை. வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. அம்மா சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து வைத்துவிடுவார். அப்பாகூட டிவியை மியூட்டில் வைத்துத்தான் பார்ப்பார். கவனம் சிதறாமல் இருக்க என்ன செய்வது? மாத்திரை ஏதும் உண்டா?
- பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது உங்கள் மறதி இல்லை, உங்கள் அப்பா. மூன்று வருடமாக ஒரு மனிதர் தன் வீட்டுக் கூடத்தில், தான் வாங்கிய டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கிறார். திரையில் எம்.ஜி.ஆர். வாயசைப்பார், பாட்டை உங்கள் அப்பாதான் ஞாபகத்திலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். செய்தி என்றால் கீழே ஓடுகிற எழுத்தைத் துரத்திப் படிக்க வேண்டும், அந்த வயதுக் கண்ணை வைத்துக்கொண்டு. வீட்டில் தொந்தரவு இல்லை என்பதற்குச் சாட்சியாக இதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அவரை அப்படிப் பார்க்கச் சொன்னது யார்? நீங்களா? அவராகவே செய்தார் என்றால், ஒருநாளாவது எழுந்துபோய் "சத்தம் வைங்கப்பா" என்று சொல்லத் தோன்றவில்லையா?

சத்தம்தான் எதிரி என்று யார் சொன்னது? பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருப்பீர்கள். செய்குதம்பிப் பாவலர் என்ற புலவர் 1907-ல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கிற வித்தை, செய்தார் என்று அதில் வருகிறது. ஒரு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள். அவதானம் என்றால் என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருவர் முதுகில் நெல்லையோ கல்லையோ எறிவார், எத்தனை விழுந்தது என்று கடைசியில் சொல்ல வேண்டும். மணி அடிப்பார்கள், கணக்குக் கேட்பார்கள், நடுவே ஒருவர் வேண்டுமென்றே ஊர்வம்பு பேசுவார். அத்தனைக்கும் நடுவில் அந்த மனிதர் வெண்பாவை முடிப்பார். உங்களுக்கோ வீடே வாயைப் பொத்திக்கொண்டும் பத்து நிமிடம் தாங்கவில்லை. தேர்வு அறையில் மட்டும் யார் மியூட் பண்ணப் போகிறார்கள்? மின்விசிறி கரகரக்கும், பக்கத்தில் இருமுவார்கள், பாதியில் வந்து கையெழுத்துக் கேட்பார்கள்.

உங்கள் கவனத்தைக் கெடுப்பதே அந்த அமைதிதான் என்பேன். கூடத்தில் இரண்டு பேர் உங்களுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடமாடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். புத்தகத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கடன்தான், சோழர் நிர்வாகம் அதற்குப் பிறகுதான். அதைப் பார்க்கச் சகிக்காமல் கை போனுக்குப் போகிறது. அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தால் கடன் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இதற்கு வல்லாரை என்ன செய்யும்?

28 வயதில் நீங்கள் பிள்ளையும் இல்லை, விருந்தாளியும் இல்லை. சாப்பாடு அறைக்கு வருவது நோயாளிக்கு. ரேஷன் கடைக்குப் போவது யார், கேஸ் சிலிண்டரை உள்ளே உருட்டுவது யார், அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது யார்? ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். "படிக்கிற பிள்ளை, அவனைக் கூப்பிடாதே" என்று வளர்க்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. எட்டு மணிக்குப் பால் வாங்கப் போயே ஆகவேண்டும் என்று இருக்கிறவன்தான் ஏழே முக்காலுக்குள் ஒரு பாடத்தை முடிப்பான். வீட்டு வேலை படிப்பைத் தின்றுவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டெலிகிராம் நோட்ஸ் என்ற சாக்கை ஜெராக்ஸ் கடையில் முடித்துவிடலாம். மொத்தமாகப் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். படிக்கிற நேரம் போன் அம்மாவிடம் இருக்கட்டும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால் முந்தையதன் எச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்ததையும் கெடுக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். ஒரு நிமிடம் எட்டிப்பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் செலவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரே பக்கத்தை மூன்று தடவை படிப்பதையும் விடுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகவே சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான். தேர்வில் உங்களுக்கு 3 மணி நேரம், 200 கேள்வி. ஒன்றுக்கு 54 விநாடி. பக்கம் பழகின முகமாகத் தெரிவது அங்கே உதவாது. ஒரு பாடம் படித்தால் மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதுங்கள், பிறகு திறந்து திருத்துங்கள். எழுதுகிற கையோடு மனம் அவ்வளவு சுலபமாக ஊர்சுற்றப் போகாது.

மாத்திரை கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே, எல்லா வேலையிலும் இப்படித்தான் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாடு பெரியவர்களுக்கும் உண்டு, மருந்தும் உண்டு. அதை டாக்டர் முடிவு செய்யட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வேலை வேண்டாம்.

இன்று ராத்திரி தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். ரிமோட்டை எடுத்து நீங்களே சத்தம் வையுங்கள். செய்தி முடிகிறவரை இருங்கள். நடப்பு நிகழ்வுகளும் பாடத்தில் இருக்கிறது அல்லவா? அவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் உங்கள் டெலிகிராம் குரூப்பைவிட அதிகம் சொல்லக்கூடும். நாளையிலிருந்து வீட்டில் இரண்டு வேலை உங்கள் பேரில் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை உள்பட.

அப்புறம், தெருவில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேரைச் சேர்த்து மாலையில் டியூஷன் எடுங்கள். அவர்கள் புத்தகம்தான் உங்களுக்கும் புத்தகம். ஒரு பொடியன் "ஏன் சார்?" என்று கேட்கும்போது உங்களுக்கு எது தெரியாது என்பது விளங்கிவிடும். கையில் நாலு காசும் வரும்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்ற கணக்கு வேண்டாம். மாதிரித் தேர்வில் 200-க்கு எத்தனை சரி, வீட்டுக் கரண்ட் பில்லை யார் கட்டியது, இந்த இரண்டும் போதும்.